பஸ் காசு யார் கொடுத்தது? பருவகாலப் புலம்பெயர்வு, புதிதாகப் படிப்பவர்களுக்கு

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில் பரிமாறுகிற தம்பி மன்னார்குடிப் பக்கத்துக்காரர். தைப்பூசக் கூட்டம் அடங்கிய ஒரு மத்தியானம், ரசம் ஊற்றிக்கொண்டே, "ஊர்ல அறுப்பு நடக்குதுண்ணே" என்றார்.

சும்மா பேச்சுக்கு, "நிலம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"ஒன்றரை ஏக்கர்."

"நிலத்த வச்சிக்கிட்டு எதுக்கு இங்க வந்து இலை எடுக்கிறீங்க?"

வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நிலத்த வச்சிக்கத்தாண்ணே வந்தேன்."

விவசாயிகளின் புலம்பெயர்வைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம்மில் பலருக்குப் புலம்பெயர்வு என்றாலே ஒருவழிப் பயணம்தான் நினைவுக்கு வரும். மலேசியத் தமிழர்களான நம் குடும்பக் கதையே அப்படித்தான்: ஊரிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் லயத்து வரிசை வீட்டிலிருந்து பிறைக்கோ பட்டர்வொர்த்துக்கோ ஏதோ ஒரு ஃபிளாட்டுக்கு. திரும்பிப் போனவர் யாரும் இல்லை. ஆனால் உலகத்தில் ஏழை விவசாயக் குடும்பங்களின் நடமாட்டத்தில் ஒரு பெரும்பங்கு இந்த மாதிரியே அல்ல. அவர்கள் போகிறார்கள், வருகிறார்கள், மறுபடி போகிறார்கள். விதைப்புக்கு ஊரில் இருப்பார்கள். அறுப்பு முடிந்தால் கதவைப் பூட்டிவிட்டு நடப்பார்கள். பாடப்புத்தகம் இதைப் பருவகாலப் புலம்பெயர்வு என்கிறது. ஊரில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. "பொழைக்கப் போயிருக்காங்க", "சூளைக்குப் போயிருக்காங்க", "கரும்பு வெட்டப் போயிருக்காங்க" என்பார்கள்.

இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2007–08இல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. கடந்த ஓராண்டில் வேலைக்காக ஒரு மாதமோ அதற்கு மேலோ, ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைவாக வெளியே தங்கியவர் குறுகிய காலப் புலம்பெயர்ந்தவர். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள், கணக்கெடுப்பவர் வந்து கதவைத் தட்டும்போது அங்கே இருக்கமாட்டார்களே. இந்த விஷயத்தில் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வருவதற்கு இது ஒரு காரணம். 2020 மார்ச்சில் இந்தியா முழுவதும் ஊரடங்கு வந்து, தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் சாரைசாரையாக நடந்தபோதுதான், இத்தனை பேர் நம் நடுவில் இருந்தார்களா என்று நகரத்துக்காரர்கள் திகைத்தார்கள்.

வேலை இருக்கும் மாதம், இல்லாத மாதம்

தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு விவசாயத்தின் ஒரு குணம் எளிதில் பிடிபடாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் செய்கிற எந்திரத்துக்கு ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். நெல் அப்படி இல்லை. நடவுக்கு ஒரு பத்து நாள் ஊரில் ஆள் கிடைக்காது. களை எடுக்கச் சில நாள். பிறகு பயிர் தன்பாட்டுக்கு வளரும். தண்ணீர் பார்க்க ஒருவர் போதும். அறுப்பில் மறுபடி எல்லாக் கையும் வேண்டும். ஆண்டு முழுக்க விவசாயி என்று நாம் சொல்லும் மனிதருக்கு வயலில் உண்மையான வேலை சில வாரங்களுக்குத்தான்.

காவிரிப் பாசனப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவை, அதன் பிறகு தாளடி என்று நெல் இரண்டு போகம். இல்லாவிட்டால் ஒரே சம்பா, அது தையில் அறுப்பு. மாசிக்குப் பிறகு உளுந்து, பயறு என்று ஏதோ கொஞ்சம். பங்குனி, சித்திரை, வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும். அணை திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும், சில ஆண்டு வராமலும் போகும். நம் தம்பியின் ஊர் கடைமடை. இராமநாதபுரம் மாதிரி கண்மாயை நம்பிய மானாவாரி ஊர்களில் நிலைமை இன்னும் மோசம்: மழை ஒரு போகத்துக்குத்தான் வழி விடும், மீதி மாதங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலை இல்லாத மாதம் என்றதும் அறுப்புக்குப் பிந்திய கோடையைத்தான் நினைப்போம். ஆனால் அறுப்புக்கு முந்திய மாதங்கள் பல ஊர்களில் அதைவிடக் கொடியவை. குதிரில் போன ஆண்டு நெல் தீர்ந்திருக்கும். இந்த ஆண்டு நெல் வயலில் பச்சையாக நிற்கும். கூலி வேலை கிடையாது. அரிசி விலையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வங்காளதேசத்தின் வடக்கே ரங்க்பூர் பகுதியில் இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது: மொங்கா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஆமன் என்ற மழைக்கால நெல் முற்றும்வரை, அரைவயிற்றுக் காலம்.

யார் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பொருளாதாரப் பாடத்தில் முதலில் வருவது ஆர்தர் லூயிஸ். செயின்ட் லூசியா தீவுக்காரர், பின்னாளில் நோபல் பெற்றவர். கிராமத்தில் உபரியாக இருக்கும் ஆட்கள் நகரத் தொழிலுக்கு நகர்வார்கள், அதனால் பொருளாதாரம் வளரும் என்று 1954இல் எழுதினார். 1970இல் ஹாரிஸ், டொடாரோ என்ற இருவர், நகரத்தில் வேலை நிச்சயமில்லை என்று தெரிந்தும் ஆட்கள் ஏன் போகிறார்கள் என்பதற்குக் கணக்கு போட்டார்கள்: கிடைக்கக்கூடிய கூலியை, அது கிடைக்கும் வாய்ப்போடு பெருக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். இரண்டிலும் போகிறவர் தனி மனிதர், போவது ஒருமுறை.

எனக்கு இவற்றைவிட 1985இல் ஸ்டார்க்கும் புளூமும் முன்வைத்த பார்வை நம் ஊர் நடப்புக்குப் பொருந்துகிறது என்று தோன்றும். முடிவு செய்வது தனி மனிதர் இல்லை, குடும்பம் என்றார்கள் அவர்கள். ஊரில் மழை பொய்த்தால் எனக்கு மட்டுமா பொய்க்கும்? அண்ணனுக்கும் பங்காளிக்கும் அடுத்த தெருக்காரருக்கும் சேர்த்துத்தான். கைமாற்று கேட்க ஆள் இருக்காது. அதனால் வீட்டில் ஒருவரை, நம் மழையோடு சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் வைப்பது பயிர்க் காப்பீடு மாதிரி. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் காவிரிக்கும் என்ன தொடர்பு? அதுதான் விஷயம். வெளியே சம்பாதித்த பணம் விதை, உரம், டிராக்டர் வாடகையாகத் திரும்ப வயலுக்கே வருகிறது. "நிலத்த வச்சிக்கத்தான் வந்தேன்" என்ற தம்பி, அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வழியில்லை.

குடும்பம் முடிவு செய்கிறது என்றால் எல்லார் பேச்சுக்கும் சம எடை என்று பொருள் இல்லை. மருமகள் வயலுக்கும் மாட்டுக்கும் மாமியாருக்குமாக ஊரிலேயே இருக்க, மகன் கப்பலோ விமானமோ ஏறுவான். அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டார்கள்.

600 டாக்கா

ஊரில் இருந்தால் பட்டினி, பஸ் ஏறிப் போனால் கூலி. அப்படியானால் எல்லாரும் போயிருக்க வேண்டுமே? ரங்க்பூரில் மொங்கா வந்த ஆண்டுகளில் கூடப் பெரும்பாலானோர் போகவில்லை. ஏன்?

2008இல் பிரையன், சௌதுரி, முபாரக் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். லால்மோனிர்ஹாட், குரிகிராம் மாவட்டங்களில் 100 கிராமங்கள், 1,900 குடும்பங்கள். ஒரு பகுதியினருக்கு, வெளியூர் போனால் தருவோம் என்று வங்காளதேசப் பணம் 600 டாக்கா கொடுத்தார்கள்; அதிலும் சிலருக்கு இனாமாக, சிலருக்கு வட்டியில்லாக் கடனாக. அன்றைய மதிப்பில் எட்டரை அமெரிக்க டாலர். போய்ச்சேர பஸ் காசுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். சிலருக்குப் பணமே தராமல், இந்த ஊரில் இந்த வேலை இருக்கிறது என்ற தகவலை மட்டும் சொன்னார்கள்.

தகவலால் கூடுதலாக யாரும் அசையவில்லை. பணம் கிடைத்த இடத்தில் நூற்றுக்கு 58 குடும்பங்கள் ஓர் ஆளை அனுப்பின. கிடைக்காத இடத்தில் 36. அந்தப் பணத்தால் போன குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவும் மற்றச் செலவும் 30 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தன. அடுத்த ஆண்டு யாரும் ஒரு டாக்காகூடத் தரவில்லை. ஆனாலும் முந்திய ஆண்டு பணம் பெற்றிருந்த ஊர்களில் கூடுதல் பேர் தாமாகவே பஸ் ஏறினார்கள்.

விளக்கம் எளிது, ஆனால் வயிற்றில் குத்தும். அரைவயிற்றில் இருக்கும் குடும்பத்திடம் கடைசி 600 டாக்கா இருக்கிறது. அதைப் பஸ்ஸுக்குக் கொடுத்து, போன இடத்தில் வேலை கிடைக்காவிட்டால்? வீட்டில் இருப்பவர்கள் உண்மையிலேயே பட்டினி கிடப்பார்கள். போனால் பெரும்பாலும் லாபம்தான் என்று தெரிந்தும், தோற்றால் தாங்க முடியாது என்பதால் உட்கார்ந்திருக்கிறார்கள். சோம்பல் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்வது பல நேரம் இந்தக் கணக்குதான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தொண்டு நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்தது. 2017இல் அளந்து பார்த்தபோது, பணம் கொடுத்தும் கூடுதலாக யாரும் போனதாகத் தெரியவில்லை. 2019இல் திட்டத்தை மூடிவிட்டார்கள், மூடியதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். 100 ஊரில் பலித்தது ஆயிரம் ஊரில் அப்படியே பலிக்கும் என்று நம்புவதற்கு முன் ஒருமுறை இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த ஆய்விலிருந்து ஒரு கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். எந்தப் புலம்பெயர்வைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்பது அதுதான்: முதல் பஸ் காசு யார் கொடுத்தது?

மேஸ்திரி கொடுத்தால்

ரங்க்பூரில் ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். மற்ற இடங்களில் வேலைக்கு ஆள்பிடிக்கும் மேஸ்திரி கொடுக்கிறார்.

ஒடிசாவின் மேற்கே பலாங்கீர் மாவட்டம். அங்கே நுவாக்காய் என்று புது நெல் படைக்கும் திருவிழா, நம் பொங்கல் மாதிரி. அது கழிந்ததும் சர்தார் என்ற ஆள்பிடிப்பவர் முன்பணத்தோடு வருவார். வாங்கிய குடும்பங்கள் அறுப்பு முடிந்ததும் தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும், சென்னையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்கும் ரயில் ஏறும். முன்பணம் ஆளுக்கு இல்லை, தொகுதிக்கு: இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை. காயப்போட்ட கல்லைப் புரட்டிப் போடுவது பிள்ளையின் வேலை. பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கும் இதே முறை. தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டு, கோடையில் ஆலை நிற்கும்வரை. அங்கே மேஸ்திரிக்குப் பெயர் முகாதம், முன்பணத்துக்குப் பெயர் உசல். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள். இருவர் சேர்ந்தால் ஒரு கருவி என்று கணக்கெழுதுகிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிடாய், பேறுகாலம் எதற்கும் விடுப்பு இல்லாத இந்த வேலையில், பீட் பெண்கள் பலர் இளம்வயதிலேயே கருப்பையை எடுத்துவிடுகிறார்கள் என்ற செய்தி 2019இல் பெரிதாக வெளிவந்து, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது.

முன்பணம் எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை ஒரு கணக்காகப் பார்த்தால் புரியும். எண்கள் என் கற்பனை, முறை உண்மை. குடும்பத்துக்கு முன்பணம் 40,000 ரூபாய். ஆயிரம் கல்லுக்குக் கூலி 700. வாரம் 6,000 கல் அறுத்தால் 4,200. அதில் அரிசி பருப்புக்கு வாரம் 1,500 கையில் தருவார் முதலாளி, மீதி முன்பணத்தில் கழியும். சூளை 24 வாரம் ஓடினால் மொத்தக் கூலி 1,00,800. சாப்பாட்டுக்கு வாங்கியது 36,000, முன்பணம் 40,000. ஊர் திரும்பும்போது கையில் 24,800 ரூபாய். பரவாயில்லை என்று தோன்றுகிறதா? இப்போது நடுவில் ஐந்து வாரம் வேலை நின்றது என்று வையுங்கள். மழையாக இருக்கலாம், குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். சாப்பாட்டுச் செலவு நிற்காது. கையில் மிஞ்சுவது 3,800. ஆறாவது வாரமும் போனால் 400 ரூபாய் கடன். அந்த 400 ரூபாய்க்காக அடுத்த ஆண்டும் அதே சூளை.

இதில் மோசடி எதையும் நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கல்லை எண்ணுவதும் நோட்டில் எழுதுவதும் முதலாளியின் ஆள் என்றால் என்ன நடக்கும் என்பதைத் தனியாக யோசித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979இலும் வந்துவிட்டன. சட்டம் இருக்கும் ஊர் வேறு, சூளை இருக்கும் ஊர் வேறு.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மேஸ்திரியை வெறும் வில்லனாக்குவது எளிது. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ, அடமானம் கேட்காமல் அந்தக் குடும்பத்துக்கு 40,000 கொடுக்க எந்த வங்கி வரும்? ஊரில் அவர் ஒருவர்தான் வங்கி. அதுதான் சிக்கலே. கிராமத்தில் கூலி வேலை தரும் அரசின் 100 நாள் வேலைத் திட்டம் 2006இல் தொடங்கியபோது சில இடங்களில் மேஸ்திரிகளுக்கு ஆள் கிடைப்பது கடினமானதற்கு, வீட்டு வாசலிலேயே வேறொரு வழி பிறந்ததே காரணம்.

காப்பி, தேயிலை, பால்மரம்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மேஸ்திரி, சர்தார், முகாதம் என்று படிக்கும்போதே உங்களுக்கு இன்னொரு சொல் நாக்கு நுனியில் வந்திருக்கும்: கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்.

தமிழர்களின் தோட்ட வரலாறு பருவகாலப் புலம்பெயர்வாகத்தான் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைநாட்டில் இருந்தது தேயிலை இல்லை, காப்பி. காப்பிப் பழம் பறிப்பு ஏறக்குறைய ஆகஸ்டில் தொடங்கி ஆண்டு முடிவுக்குள் அடங்கிவிடும். புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னால் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து போனார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர் கணக்கில்லை. பிழைத்தவர்கள் பழம் பறித்துவிட்டு, தை அறுப்புக்கு ஊர் திரும்பப் பார்த்தார்கள். ஊரில் வேலை இல்லாத மாதமும் மலையில் வேலை இருக்கும் மாதமும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. 1880களில் காப்பி படுத்தது, தேயிலை எழுந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். போய்வந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். மனிதர்கள் மாறவில்லை, கங்காணி மாறவில்லை, பயிர் மாறியது. பருவகாலப் புலம்பெயர்வு குடியேற்றமாக மாறுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் உதாரணம் இது.

மலாயாவிலும் பருவத்துக்கு இடமில்லை. முதலில் பினாங்குக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்தார்கள். கப்பல் காசு தோட்டத்துடையது, அதை உழைத்துக் கழிக்க வேண்டும். பிறகு ரப்பர். பால்மரம் இலையுதிர்க்கும் சில வாரங்கள் தவிர நாள் தவறாமல் வெட்டு வேண்டும். வங்கக் கடலைத் தாண்டி ஆண்டுக்கொரு முறை அறுப்புக்குப் போய்வரவும் முடியாது. பினாங்குக் கரையைப் பார்ப்பதற்கு முன் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தலே காத்திருக்கும். அதனால் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டுத் திரும்புவது என்ற கணக்கோடு வந்தார்கள். என் தாத்தாவும் மூன்று ஆண்டில் திரும்புவதாகத்தான் வந்தாராம், அடமானத்தில் இருந்த நிலத்தை மீட்க. நிலம் மீண்டதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊர்ப் பெயரையே அப்பா இரண்டு விதமாகச் சொல்வார்.

அந்தப் பஸ் காசுக் கேள்வியை இங்கே கேட்டால் ஒரு சுவாரசியமான பதில் கிடைக்கிறது. 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று உருவானது. தமிழ்த் தொழிலாளர் வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவு அந்தப் பொது நிதியிலிருந்து போகும். ஆகவே வந்திறங்கும் தொழிலாளி, சட்டப்படி, பயணக் கடன் இல்லாத மனிதர். சஞ்சி முறையும் 1910இல் ஒழிந்தது. முதலாளிகள் நல்லவர்களாகிவிட்டதால் இது நடக்கவில்லை. ரப்பருக்கு ஆள் போதவில்லை, ஒருவர் காசு கொடுத்து அழைத்துவந்த ஆளை இன்னொருவர் இழுத்துக்கொள்கிற சண்டையைத் தீர்க்க இது வசதியாக இருந்தது. கங்காணிக்கோ தலைக்காசு, அதாவது தன் ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்கு இத்தனை என்ற தரகு, தொடர்ந்து கிடைத்தது. தோட்டத்துக் கடைக் கடனும் இருந்தது. கடன் முதுகிலிருந்து இறங்கி மடியில் ஏறிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அதே நிதியின் செலவில் பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பல் அந்த ஆண்டுகளில் எந்தப் பக்கம் அதிகம் நிரம்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். தேவைப்படும்போது அழைத்து, தேவை தீர்ந்ததும் செலவோடு அனுப்பிவைப்பது முதலாளிக்கு எவ்வளவு லாபம்! அந்தத் தொழிலாளியை வளர்த்த செலவும், சும்மா இருக்கும் காலத்தில் சோறுபோடும் செலவும், முதுமையில் பார்த்துக்கொள்ளும் செலவும் ஊரில் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தின் தலையில். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்புதலுக்குத் தடை போட்டது.

பக்கத்துக் கெடாவில்

மலேசியாவுக்குள்ளேயே அசல் பருவகாலப் புலம்பெயர்வு இருந்தது, பினாங்குப் பாலம் தாண்டி வடக்கே ஒரு மணிநேரத் தூரத்தில். கெடா சமவெளியில் நெல் முற்றும்போது கிளந்தானிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் அறுப்பு ஆட்கள் கூட்டமாக வருவார்கள். அவர்கள் ஊர் நெற்பருவம் வேறு மாதம். முடா பாசனத் திட்டத்தால் 1970களில் இரண்டு போகம் ஆனது, வேலையும் இரட்டித்தது. சில ஆண்டுதான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அறுவடை எந்திரங்கள் வந்து இறங்கின. வெளியாட்கள் வருவது நின்றது. கெடாவின் ஏழைப் பெண்களும் அறுப்புக் கூலியை இழந்தார்கள். இன்று அலோர் ஸ்டார் சாலையில் போனால் வயலில் எந்திரத்தையும் கொக்கையும்தான் பார்க்கலாம்.

இன்றைய தம்பிகள்

அப்படியானால் லிட்டில் இந்தியா கடைத் தம்பியும், பாயான் லெப்பாஸ் விடுதியில் இருக்கும் நேபாளத் தொழிலாளியும், கட்டுமானத்தில் நிற்கும் ரங்க்பூர்க்காரரும் பருவகாலப் புலம்பெயர்ந்தவர்களா? இல்லை. அவர்கள் புறப்பட்ட காரணம் பருவம், வந்து சேர்ந்த ஏற்பாடு ஒப்பந்தம். வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, ஆண்டுதோறும் அவர் புதுப்பிக்க வேண்டும். நடவுக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதற்கு அதில் இடமில்லை. மேலும் கடன். ஊர் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி ஓடும்போது, பல மாதச் சம்பளம் பழைய கடனைத் தின்றுவிடும். மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊர்க் கூலியோடு ஒப்பிட்டால் அது நல்ல பணம். முதல் ஆண்டில் அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. அடுத்தவர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வது இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் "பாஸ்போர்ட் ஆபீஸ்லதாண்ணே இருக்கு" என்ற பதிலை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்!

வேறு மாதிரியும் செய்யலாம். நியூசிலாந்து 2007இல் தொடங்கிய திட்டத்தில் டோங்கா, வனுவாட்டு போன்ற தீவுகளின் கிராமத்தார் ஆப்பிள், திராட்சைப் பருவத்துக்கு ஏழு மாதம்வரை வந்து வேலை செய்து திரும்புகிறார்கள். விமானச் செலவில் பாதியை முதலாளி ஏற்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே ஆளை மறுபடி அழைக்கலாம். திரும்ப வர வழி இருப்பதால் ஓடி ஒளியத் தேவை இல்லை. அங்கும் விடுதி, பிடித்தம் என்று புகார்கள் உண்டு. ஆனால் பஸ் காசை இரண்டாகப் பிரித்ததே ஒரு மாற்றம்தான்.

போன வாரம் கடைக்குப் போனேன். தம்பி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று போனைச் சாய்த்துப் பிடித்திருந்தார். திரையில் வயல், வயலில் எந்திரம். மனைவி வரப்பில் நின்று காட்டிக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் வாடகையாம். அறுத்து முடிப்பதற்குள் பணம் அனுப்ப வேண்டுமாம்.

"முன்னாடி யாரு அறுப்பாங்க?" என்றேன்.

"எங்க தெருவுலேயே பத்துப் பொம்பளைங்க வருவாங்கண்ணே. இப்ப அவங்கள்லாம் திருப்பூருக்குப் போய்ட்டாங்க" என்றவர், போனை மேசையில் கவிழ்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்றார்.